சிறு வணிகரும் கணக்கேடும்



மளிகைக்கடை, துணிக்கடை, இரும்புக்கடை, உணவு விடுதி, தையற்கூடம் என்றிவ்வாறு சிறிய அளவில் தொழில் நடத்துவோர் தம் வரவு செலவை எங்ஙனம் எழுதி வைத்தல் வேண்டும், வருமான வரியைக் கணக்கிடும்போது எந்தெந்தச் செலவுகளைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பவற்றைப் பற்றி இன்று பேச இசைந்துள்ளேன். நான் வணிகன் அல்லேன், தணிக்கையாளனும் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்தி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் பயின்றோருள் பலர் இன்று கடை வைத்திருக்கின்றனர். அவர்கள் தம் ஏடுகளோடு என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. அங்கே கண்டவையும் கேட்டவையும், சட்டத்தைப் படித்து அறிந்தவையும் சேர்ந்ததே இப்பேச்சு.

அங்ஙனம் வந்த மாணவர் ஒருவர், இரும்புச் சாமான் கடை நடத்துபவர், என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "ஐயா, 2025-26ஆம் நிதியாண்டிலே, புதிய வரிமுறையைக் கைக்கொள்வோருக்கு 12 இலட்சம் ரூபாய் வருமானம் வரை வரி இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு இலாபம் ஏது? வரியே இல்லாதபோது நான் எதற்காகக் கணக்கு எழுத வேண்டும்?" என்றார்.

கேட்கத் தக்க வினாதான். நாட்டிலுள்ள சிறு வணிகருள் மிகப் பலர் மனத்தில் இருப்பதும் இதுவே. நான் அவருக்கு வகுப்பறையை நினைவூட்டினேன். மாணவன் ஒருவன் கணக்கின் விடையை மட்டும் எழுதிக் காட்டினால் ஆசிரியர் என்ன கேட்பார்? "செய்முறை எங்கே?" என்று கேட்பார். விடை சரியாகவே இருக்கலாம். ஆயினும் அது எவ்வழியில் வந்தது என்று காட்டாதவனுக்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. "எனக்கு வரி இல்லை" என்பது விடை. கணக்கேடுதான் அதன் செய்முறை. செய்முறை இல்லாத விடையை வரி அதிகாரியும் ஏற்கமாட்டார். கடன் கொடுக்கும் வங்கியும் ஏற்காது.

கணக்கு எழுதுவது வரிக்காக ஏற்பட்ட வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இந்திய நாட்டில் வருமான வரி விதிக்கப்பட்டது 1860ஆம் ஆண்டில். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியினால் கருவூலத்துக்கு ஏற்பட்ட பற்றாக்குறையை ஈடுசெய்ய ஜேம்ஸ் வில்சன் என்பார் அதனைக் கொணர்ந்தார். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்னும் இரட்டைப் பதிவு முறையை விளக்கி, இத்தாலி நாட்டு லூக்கா பச்சியோலி என்னும் துறவி நூல் வெளியிட்டதோ 1494ஆம் ஆண்டில். நம் தமிழ் வணிகர் வாயில் வழங்கும் சொற்களையே பாருங்கள்: குறிப்பேடு, பேரேடு, பற்று, வரவு, இருப்பு, ஐந்தொகை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய நகரத்தார், அங்கிருந்த முகவர்கள் எழுதி அனுப்பிய கணக்குகளைச் செட்டிநாட்டில் இருந்தபடியே படித்துத் தம் தொழிலின் நிலையை அறிந்தனர். ஆகவே கணக்கு முதலில் வணிகருக்காகப் பிறந்தது. வரி பின்னர் வந்து அதனைப் பயன்படுத்திக்கொண்டது. இம்முறைமையை மனத்திற் கொண்டால், ஏடு எழுதுவது பிறருக்குச் செய்யும் ஊழியம் என்னும் சலிப்பு நீங்கும்.

எழுதாமையால் விளையும் இடருக்கு அண்மைக் காலச் சான்று ஒன்று கூறுகிறேன். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கர்நாடக மாநில வணிகவரித் துறை, யூ.பி.ஐ. வழியே கைப்பேசியில் வந்து சேர்ந்த தொகைகளைக் கூட்டிப் பார்த்து, சிறு கடைக்காரர் பலருக்கு அறிவிக்கை அனுப்பியது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி அங்கே பொருள் விற்போரின் ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயையும், சேவை புரிவோருடையது 20 இலட்சம் ரூபாயையும் கடந்தால் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். அறிவிக்கை பெற்றோருள் காய்கறியும் பாலும் விற்போரும் இருந்தனர். வரிவிலக்குப் பெற்ற பொருள்களை மட்டும் விற்போரிடம் வரி கேட்கப்படமாட்டாது என்று அரசு பின்னர்த் தெளிவுபடுத்தியது. உறவினர் அனுப்பிய பணமும், கைம்மாற்றாக வாங்கிய தொகையும் அந்தக் கூட்டலிலே சேர்ந்துவிட்டன என்று முறையிட்டோர் பலர். "இனி ரொக்கம் மட்டும்" என்று கடை முகப்பில் எழுதி வைத்தோரும் உண்டு.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? வங்கியின் பதிவு, உங்களிடம் வந்த பணத்தை மட்டுமே சொல்லும். அது விற்பனையா, கடனா, வரிவிலக்குள்ள பொருளின் விலையா என்பதை அது அறியாது. அதற்காக நீங்கள் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதையும் அறியாது. அவற்றைச் சொல்லவல்லது உங்கள் ஏடு ஒன்றே. ரொக்கத்துக்குத் திரும்புவதும் தீர்வாகாது. ரொக்கத்துக்கு விற்றாலும் விற்பனை விற்பனையே. அன்றியும், ரொக்க வரவுக்குச் சட்டம் கூடுதலான இலாபத்தைக் கணிக்கிறது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

இனிக் கழிவுகளுக்கு வருவோம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவுகளின் எண்கள் மாறின; நான் இங்கே கூறும் அடிப்படைகள் மாறவில்லை.

முதல் அடிப்படை: தொழிலுக்காகவே முழுமையாகச் செய்த செலவு கழிக்கத்தக்கது, சொந்தச் செலவு கழிக்கத்தக்கதன்று. கடை வாடகை, பணியாளர் சம்பளம், மின் கட்டணம், வண்டிக் கூலி, பொட்டலத் தாள், எடைக்கருவி பழுது பார்த்தது, விளம்பரம், தொழிலுக்காக வாங்கிய கடனின் வட்டி ஆகியவை கழிக்கத்தக்கவை. கடனில் அசலைத் திருப்பிக் கொடுத்தது செலவாகாது. வட்டி மட்டுமே செலவு. மாதத் தவணை முழுவதையும் செலவென்று எழுதுவோர் பலரை நான் கண்டிருக்கிறேன். அவ்வாறே, தனி உரிமையாளர் தமக்குத்தாமே சம்பளம் எழுதிக்கொள்ளுதல் ஆகாது. கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் சென்ற அரிசியும் எண்ணெயும் உரிமையாளரின் எடுப்பு. அதனை எடுப்பென்றே எழுதுதல் வேண்டும். கடையும் வீடும் ஒரே மின்மானியில் இருந்தால், கட்டணத்தை நியாயமான விகிதத்தில் பிரித்து, அவ்விகிதத்தை ஏட்டின் முதற்பக்கத்திலேயே குறித்து வைப்பது நன்று. சட்டத்தை மீறியதற்காகக் கட்டிய தண்டமும், வருமான வரியாகச் செலுத்திய தொகையும் கழிவிற் சேரா.

இரண்டாவது அடிப்படை: பல ஆண்டுகள் பயன்படும் பொருளின் விலையை ஒரே ஆண்டில் கழிக்கலாகாது, ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழித்தல் வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த விகிதங்களின்படி மரச்சாமான்களுக்கு நூற்றுக்கு 10, பொதுவான இயந்திரங்களுக்கு 15, கணினிக்கு 40. குளிர்பெட்டி ஒன்றை 40,000 ரூபாய்க்கு வாங்கினீர்கள் என்று கொள்வோம். முதலாண்டுத் தேய்மானம் 6,000 ரூபாய். எஞ்சிய மதிப்பு 34,000. இரண்டாம் ஆண்டுத் தேய்மானம் 5,100 ரூபாய். ஆனால் வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதமே கிடைக்கும். அக்டோபர் முதல் வாரம் கழிந்தபின் வாங்கியிருந்தால் முதலாண்டில் 3,000 ரூபாய்தான். வாங்கிய நாளைக் காட்டும் பட்டியல் இல்லாவிடில் இதனை எங்ஙனம் மெய்ப்பிப்பது?

மூன்றாவது அடிப்படை: செலுத்தும் முறையும் செலவின் தகுதியைத் தீர்மானிக்கிறது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அச்செலவு உண்மையானதாயினும் முழுத்தொகையும் கழிவுக்குத் தகுதி இழக்கும். இவ்வரம்பு 2017 மார்ச்சு வரை 20,000 ரூபாயாக இருந்தது. பழைய வரம்பையே இன்றும் நினைவில் வைத்திருப்போர் உண்டு. லாரி முதலிய சரக்கு வண்டிகளுக்குரிய வாடகைக்கு வரம்பு 35,000 ரூபாய். விளைவித்த உழவரிடமே நேராக விளைபொருள் வாங்குவது போன்ற சில விலக்குகளும் உள. பருப்பு வியாபாரி ஒருவருக்கு 30,000 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்த மளிகைக்காரர், அந்த 30,000 ரூபாயும் தமக்கு இலாபமாக வந்ததுபோல் வரிக் கணக்கில் ஏற வழி செய்கிறார். காசோலையோ வங்கி மாற்றமோ இதனைத் தடுத்திருக்கும். இதனோடு, 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்கலாகாது என்பதையும், ஒருவரிடமிருந்து ஒரு நாளில் 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறலாகாது என்பதையும் நினைவிற் கொள்க.

சரக்கு மற்றும் சேவை வரியிலும் இத்தகைய கழிவு ஒன்று உண்டு. கொள்முதலின்போது நீங்கள் கொடுத்த வரியை, விற்பனையின்போது நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கு முறையான வரிப் பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். விற்றவர் தம் அறிக்கையில் அதனைக் காட்டியிருத்தல் வேண்டும். பட்டியல் நாளிலிருந்து 180 நாள்களுக்குள் அவருக்குப் பணம் செலுத்தியிருத்தலும் வேண்டும். விற்றுமுதலில் நூற்றுக்கு 1 என்று கட்டும் எளிய இணக்க வரி முறையில் சேர்ந்த கடைக்காரருக்கு இக்கழிவு இல்லை.

இப்போது, சிறு வணிகர் பலரும் கைக்கொள்ளும் அனுமான வருமான முறையைக் காண்போம். ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்கு மேற்படாதவர் இம்முறையைத் தெரிந்துகொள்ளலாம். ரொக்க வரவு மொத்த வரவில் நூற்றுக்கு 5க்கு மேற்படாதாயின் 3 கோடி வரை இடமுண்டு. தரகுத் தொழிலும் முகவர் தொழிலும் இதில் அடங்கா. இம்முறையில், வங்கி வழி வந்த விற்பனையில் நூற்றுக்கு 6, ரொக்க விற்பனையில் நூற்றுக்கு 8 இலாபம் என்று கொள்ளப்படும். உண்மை இலாபம் அதனினும் மிகுதியாயின் மிகுதியையே காட்டுதல் வேண்டும். இவ்விலாபத்திலிருந்து வாடகை, சம்பளம், தேய்மானம் என்று தனியே எதையும் கழிக்க இயலாது. எல்லாம் கழிக்கப்பட்டுவிட்டதாகவே சட்டம் கருதுகிறது. ஏடுகளைக் காட்ட வேண்டிய கடமையும் இல்லை.

"அப்படியானால் எழுத வேண்டியதில்லை அல்லவா?" என்று இவ்விடத்தில் என் மாணவர் மகிழ்ச்சியோடு கேட்டார். நான் அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அரிசி மொத்த வியாபாரி ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ஆண்டு விற்றுமுதல் 2½ கோடி ரூபாய். அனைத்தும் வங்கி வழி வந்தது. அனுமான முறையில் அவர் இலாபம் நூற்றுக்கு 6, அதாவது 15 இலட்சம் ரூபாய். 2025-26ஆம் நிதியாண்டுக்குரிய புதிய முறை விகிதப்படி இதற்கு வரி: முதல் 4 இலட்சத்துக்கு இல்லை, அடுத்த 4 இலட்சத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் 20,000, அதற்கடுத்த 4 இலட்சத்துக்கு 10 வீதம் 40,000, எஞ்சிய 3 இலட்சத்துக்கு 15 வீதம் 45,000. ஆக 1,05,000 ரூபாய். அதன்மேல் நூற்றுக்கு 4 மேல்வரி 4,200. மொத்தம் 1,09,200 ரூபாய்.

ஆனால் அரிசி வியாபாரத்தில் இலாபம் மெலிந்தது. மூட்டைக்கு நிற்பது சில ரூபாய்களே. அவருக்கு உண்மையில் நூற்றுக்கு 2 மட்டுமே நின்றிருந்தால், இலாபம் 5 இலட்சம் ரூபாய். அதற்கு வரியே இல்லை. அந்த உண்மையை அவர் சொல்லலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அனுமானத்துக்குக் குறைந்த இலாபத்தைக் காட்டுபவர் ஏடுகளை வைத்திருத்தல் வேண்டும். நிலைமைக்கேற்பத் தணிக்கைக்கும் உட்படுதல் வேண்டும். ஏடு இல்லாதவர் என் செய்வார்? ஈட்டாத 10 இலட்சம் ரூபாயை ஈட்டியதாக ஒப்புக்கொண்டு, ஓர் இலட்சத்துக்கு மேல் வரி கட்டுவார். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்னும் பழமொழி அவர் பொருட்டே ஏற்பட்டது போலும்!

இதன் மறுபுறத்தையும் பாருங்கள். இலாபம் மிகுதியாக நிற்கும் தொழிலில் அனுமான முறை வசதியானது. ஆனால் எந்த முறை தமக்கு ஏற்றது என்பதை அறிய, முதலில் தம் உண்மை இலாபம் எவ்வளவு என்று அறிந்திருத்தல் வேண்டும். அனுமான முறையில் சேர்ந்தவர், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் அதனை விட்டு விலகினால், பின்னும் ஐந்து ஆண்டுகளுக்கு அதற்குள் வர இயலாது. ஆகவே ஏடு எழுத வேண்டாம் என்று சட்டம் விட்டுவைத்தவருக்கும், ஏடு இன்றி முடிவெடுக்கும் வழி இல்லை. என் மாணவரின் வினாவுக்கு இதுவே என் விடை.

ஏட்டை எங்ஙனம் எழுதுவது? பெரிய கல்வி வேண்டுவதில்லை. ஐந்தாம் வகுப்புக் கூட்டலும் கழித்தலும் போதும். கணினி உடையோர் அதில் எழுதலாம். இல்லாதோர்க்குக் கோடிட்ட நோட்டுப் புத்தகம் போதும். நான் பரிந்துரைக்கும் முறை இது.

ஒன்று, ரொக்கச் சிட்டை. காலை இருப்பு, நாள் முழுதும் வந்த வரவு, கொடுத்த செலவு, இரவு இருப்பு ஆகியவற்றை அன்றன்றே எழுதுக. காலை இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் வரும் தொகை, கல்லாப் பெட்டியில் உள்ள தொகையோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிட்டால் கடையைச் சாத்துமுன் காரணத்தைத் தேடுக. அன்று இரவில் நினைவுக்கு வருவது அடுத்த வாரம் வாராது. பள்ளியில் வருகைப் பதிவேட்டை ஆண்டு முடிவில் மொத்தமாக எழுதும் ஆசிரியர் உண்டோ? கணக்கும் அத்தகையதே.

இரண்டு, பேரேடு. கொள்முதல் செய்தவர் ஒவ்வொருவருக்கும், கடனுக்கு வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பக்கம். கடன் வைத்தவர் பெயரோடு, நாளும் தொகையும் கைச்சாத்தும் இருத்தல் வேண்டும்.

மூன்று, சரக்கிருப்புப் பட்டியல். மார்ச்சு 31ஆம் நாள் மாலை, கடையிலுள்ள சரக்கை எண்ணி, வாங்கிய விலைப்படி மதிப்பிட்டு எழுதுக. தொடக்க இருப்பு 4 இலட்சம், ஆண்டுக் கொள்முதல் 50 இலட்சம், இறுதி இருப்பு 5 இலட்சம் எனின், விற்ற சரக்கின் அடக்கவிலை 49 இலட்சம். இறுதி இருப்பை எண்ணாதவருக்கு இக்கணக்கு ஒருபோதும் முடியாது.

நான்கு, பட்டியல்களின் கோப்பு. மாதத்துக்கு ஓர் உறை போதும். ஒன்று எச்சரிக்கிறேன்: இயந்திரத்திலிருந்து வழவழப்பான தாளில் வரும் இரசீதுகள் சில திங்களில் எழுத்து மங்கி வெற்றுத்தாள் ஆகிவிடும். அவற்றை உடனே படியெடுத்தோ, கைப்பேசியில் படம் பிடித்தோ வைத்துக்கொள்க. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், ஆண்டறிக்கைக்குரிய இறுதி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை ஏடுகளைக் காக்கச் சொல்கிறது. எட்டு ஆண்டுகள் வைத்திருப்பது நன்று என்பது என் கருத்து.

ஐந்தாவதாக, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும். கடை மேசையில் ஒட்டியுள்ள யூ.பி.ஐ. அட்டை அக்கணக்குக்கு உரியதாக இருக்கட்டும். தம்பி அனுப்பும் பணமும், மகள் திருமணத்துக்கு வந்த மொய்யும் வேறு கணக்குக்குப் போகட்டும். வாரம் ஒருமுறை வங்கிப் பதிவையும் சிட்டையையும் ஒப்பிட்டுக் குறியிடுக.

இத்தகைய ஏட்டின் பயன் வரியோடு முடிவதில்லை. எங்கள் ஊரில் எண்ணெய்க்கடை நடத்திய பெரியவர் ஒருவர் திடீரெனக் காலமானார். அவர் மனைவியார் அதுவரை கடைப்படி ஏறியவர் அல்லர். ஆனால் பெரியவர் பேரேட்டில் கடன்காரர் ஒவ்வொருவரின் கைச்சாத்தும் இருந்தது. அம்மையார் அவ்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகச் சென்றார். மறுத்தவர் ஓரிருவரே. தாம் மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டியதையும் அதே ஏட்டில் கண்டு தீர்த்தார். அக்கடை இன்றும் நடக்கிறது. அதே தெருவில், எல்லாவற்றையும் நினைவிலேயே வைத்திருந்த வேறொருவர் மறைந்தபோது, கொடுக்க வேண்டியவர்கள் மட்டுமே வீடு தேடி வந்தனர். தர வேண்டியவர் ஒருவரும் வரவில்லை. இருவரும் நேர்மையாளரே. ஒருவர் எழுதினார், மற்றவர் எழுதவில்லை என்பதே வேறுபாடு.

நம் வணிகர் புதுக்கணக்குத் தொடங்கும் நாளில் ஏட்டுக்கு மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழியிட்டு, இலாபம் என்று எழுதி வணங்குகின்றனர். அழகிய வழக்கம் அது. அவ்வேட்டின் இரண்டாம் பக்கம் முதல் இறுதிப் பக்கம் வரை நாள்தோறும் எழுதினால்தான், முதற்பக்கத்தில் எழுதிய இலாபம் எவ்வளவு என்று தெரியும். இன்றிரவு கடை சாத்துமுன் கல்லாவில் உள்ள தொகையை எண்ணி, ஒரு தாளில் நாளிட்டு எழுதுங்கள். அது நாளைக்குக் காலை இருப்பு ஆகும். அங்கிருந்து சிட்டையைத் தொடங்கலாம். தணிக்கையாளரிடம் செல்ல வேண்டிய நுணுக்கங்களுக்கு அவரிடமே செல்லுங்கள். ஆனால் வெறுங்கையோடு செல்லாதீர்கள்.